மாறி என்றால் என்ன? பால் சீட்டு சொல்லும் பாடம்

கணினி இன்று எல்லா இடத்திலும் இருக்கிறது. வங்கியில் இருக்கிறது. ரயில் நிலையத்தில் இருக்கிறது. ரேஷன் கடையில் இருக்கிறது. பால் சங்கத்திலும் இருக்கிறது.

ஆனால் கணினிக்குத் தானாக ஒன்றும் தெரியாது. என்ன செய்ய வேண்டும் என்று மனிதர்தான் வரிவரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுக்கும் கட்டளைகளுக்கு 'நிரல்' என்று பெயர். பேச்சு வழக்கில் புரோகிராம் என்கிறார்கள்.

நிரல் எழுதக் கற்பவர் முதல் நாளிலேயே ஒரு சொல்லைச் சந்திப்பார். அந்தச் சொல் 'மாறி'. மாறக்கூடியது எதுவோ அது மாறி. மாறாமல் இருப்பது மாறிலி.

இது எளிய சொல்தான். ஆனாலும் புதிதாகக் கற்பவர்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இந்தத் தடுமாற்றத்தால் யாருக்கு நஷ்டம்? நிரல் எழுதியவருக்கு மட்டும் அல்ல. மாடு வளர்த்துப் பால் ஊற்றும் ஏழைக்கும் நஷ்டம் வரலாம். எப்படி என்று பார்ப்போம்.

அளந்து வாங்கிய சங்கம்

குஜராத் மாநிலத்தில் கேடா என்று ஒரு மாவட்டம். ஆனந்த் நகரம் அப்போது இந்த மாவட்டத்தில் இருந்தது. 1997இல்தான் ஆனந்த் தனி மாவட்டம் ஆயிற்று.

1946ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவு செய்யப்பட்டது. திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவராக இருந்து வழிநடத்தினார். 1949இல் வர்கீஸ் குரியன் ஆனந்துக்கு வந்தார். பிறகு அந்தச் சங்கத்தில் சேர்ந்து உழைத்தார். 'அமுல்' என்ற பெயரை அறியாத வீடு உண்டா? அது இந்தச் சங்கத்தின் பெயர்தான்.

அதற்கு முன்பு வியாபாரி சொன்னதுதான் விலை. விவசாயி கேள்வி கேட்க வழி இல்லை. கூட்டுறவுச் சங்கம் ஒரு முறையைக் கொண்டுவந்தது. பாலை உறுப்பினர் முன்னால் அளக்க வேண்டும். பாலில் எவ்வளவு கொழுப்பு என்று சோதிக்க வேண்டும். அதற்கு ஏற்றபடி பணம் கொடுக்க வேண்டும். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் பழமொழி. சங்கத்தின் பலம் அந்த அளவில்தான் இருந்தது.

முதலில் எல்லாம் கைவேலை. கண்ணாடிக் குழாயில் பாலையும் அமிலத்தையும் சேர்த்துச் சுழற்றிக் கொழுப்பைப் பார்த்தார்கள். செயலாளர் நோட்டில் கணக்கு எழுதினார். 1990களில் குஜராத் கிராமச் சங்கங்களுக்கு மின்னணு எடைக் கருவியும் கணினியும் வரத் தொடங்கின. பால் ஊற்றிய உடனே கையில் ஒரு சீட்டு கிடைத்தது.

அந்தச் சீட்டை நன்றாகப் பாருங்கள். அதில் உறுப்பினர் எண் இருக்கும். பாலின் எடை இருக்கும். கொழுப்பின் அளவு இருக்கும். விலை இருக்கும். தொகை இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஓர் எண். சொல் மாறாது. பக்கத்தில் உள்ள எண் மாறும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இதுதான் மாறி!

பெயர் எழுதிய சிலேட்டு

ஒரு சிலேட்டை நினைத்துக் கொள்ளுங்கள். அதன் சட்டத்தில் 'பால்' என்று பெயர் எழுதுங்கள். இன்னொரு சிலேட்டுக்குக் 'கொழுப்பு' என்று பெயர் வையுங்கள். மற்றொன்றுக்குத் 'தொகை' என்று பெயர் வையுங்கள்.

கணினியின் நினைவகத்தில் இப்படிப் பல இடங்கள் உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் நிரல் எழுதுபவர் ஒரு பெயர் வைக்கிறார். அந்தப் பெயர்தான் மாறி. சிலேட்டில் எழுதிய எண் அந்த மாறியின் மதிப்பு.

இந்தச் சிலேட்டுக்கு மூன்று குணங்கள் உண்டு.

ஒன்று: ஒரு நேரத்தில் ஒரு மதிப்புக்குத்தான் இடம். புதியதை எழுதினால் பழையது அழிந்துவிடும்.

இரண்டு: ஒரு சிலேட்டைப் பார்த்து இன்னொன்றில் எழுதினால் முதல் சிலேட்டில் இருப்பது அழியாது. செம்பில் இருக்கும் பாலைச் சொம்பில் ஊற்றினால் செம்பு காலியாகும். மாறி அப்படி அல்ல. பார்த்து எழுதுவது வேறு. எடுத்து ஊற்றுவது வேறு.

மூன்று: சட்டத்தில் உள்ள பெயர் மனிதர் படிப்பதற்காக. அதன் பொருள் கணினிக்குத் தெரியாது. 'பால்' என்ற சிலேட்டில் தண்ணீரின் எடையை எழுதினாலும் கணினி வாங்கிக் கொள்ளும். கேள்வி கேட்காது.

இந்த மூன்றாவது குணத்தை மறக்காதீர்கள். பல பிழைகள் இதிலிருந்துதான் வருகின்றன.

ஒரு சிறு நிரல்

பால் கணக்குக்கு ஒரு சிறு நிரல் எழுதலாம். சங்கத்தில் இருக்கும் உண்மையான நிரலில் இன்னும் பல வரிகள் இருக்கும். பாடத்துக்கு இது போதும்.

குஜராத் சங்கங்களில் ஒரு கிலோ கொழுப்புக்கு இவ்வளவு விலை என்று கணக்கிடும் முறை உண்டு. கணக்குக்காக ஒரு கிலோ கொழுப்பின் விலை 800 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம்.

27ஆம் எண் உறுப்பினர் காலையில் 5 கிலோ எருமைப்பால் ஊற்றுகிறார். கொழுப்பு 6 சதவீதம். அதாவது 100 கிலோ பாலில் 6 கிலோ கொழுப்பு. அப்படியானால் 5 கிலோ பாலில் 300 கிராம் கொழுப்பு. அதற்கு விலை 240 ரூபாய்.

நிரல் இப்படி இருக்கும்:

விலை = 800
மொத்தம் = 0
ஒவ்வொரு வேளையும் இதைச் செய்:
பால் = எடைக் கருவி காட்டும் எண்
கொழுப்பு = சோதனைக் கருவி காட்டும் எண்
தொகை = பால் × கொழுப்பு ÷ 100 × விலை
மொத்தம் = மொத்தம் + தொகை

இந்த நிரலில் 100 என்பது மாறிலி. அது என்றும் 100தான். மற்றவை மாறிகள்.

அன்று மாலை அதே உறுப்பினர் 4 கிலோ ஊற்றுகிறார். கொழுப்பு 6.5 சதவீதம். தொகை 208 ரூபாய். மறுநாள் காலை 5 கிலோ. கொழுப்பு 6.5 சதவீதம். தொகை 260 ரூபாய்.

'மொத்தம்' என்ற சிலேட்டைக் கவனியுங்கள். முதலில் 0. பிறகு 240. பிறகு 448. பிறகு 708. ஒரே பெயர். மதிப்பு மட்டும் மாறிக்கொண்டே போகிறது.

இது எப்படிச் சமம் ஆகும்?

கடைசி வரியைப் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். 'மொத்தம் = மொத்தம் + தொகை' என்று இருக்கிறதே! ஒரு பொருள் தன்னைவிடப் பெரியதற்கு எப்படிச் சமம் ஆகும்?

நியாயமான கேள்வி. பள்ளிக் கணக்கில் இது தவறுதான். ஆனால் இங்கே '=' குறிக்குச் சமம் என்று பொருள் இல்லை. 'எழுது' என்று பொருள். முதலில் வலப்பக்கம் இருப்பதைக் கணக்கிடு. கிடைத்த விடையை இடப்பக்கம் பெயர் உள்ள சிலேட்டில் எழுது. அவ்வளவுதான்.

இந்தச் சந்தேகம் எல்லா ஊரிலும் வருவதுதான். அதனால் பாஸ்கல் என்ற கணினி மொழியில் வெறும் '=' போடாமல் அதற்கு முன் இரண்டு புள்ளிகளைச் சேர்த்தார்கள். 1964இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் உருவான பேசிக் மொழியில் வரியின் முன்னால் 'லெட்' என்று எழுதினார்கள். 'ஆகட்டும்' என்று அதற்குப் பொருள். 1991இல் வெளிவந்த பைத்தான் மொழியில் வெறும் '=' மட்டும்தான். இன்று பள்ளிகளில் பைத்தானும் கற்றுத் தருகிறார்கள். ஆகவே பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

பெயரை வைத்துக் கணக்குப் போடுவது நம் நாட்டுக்குப் புதிது அல்ல. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் என்ற கணித அறிஞர் ஒரு நூல் எழுதினார். அவர் இன்றைய ராஜஸ்தானில் உள்ள பின்மாலில் வாழ்ந்தவர். தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயர்களை வைத்தார். கறுப்பு, நீலம் என்று பெயரிட்டுக் கணக்குப் போட்டார்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர் 'நீலம்' என்று சொன்ன எண் மாறாது. அது எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. கண்டுபிடிக்க வேண்டும். நிரலில் வரும் மாறி அப்படி அல்ல. அதில் இப்போது என்ன இருக்கிறது என்று கணினிக்குத் தெரியும். அடுத்த வரியில் அது மாறவும் கூடும்.

பூஜ்யம் எங்கே?

'மொத்தம் = 0' என்ற வரி நிரலில் எங்கே இருக்கிறது? வேளைக் கணக்கு தொடங்கும் முன்பே இருக்கிறது. பத்து நாளுக்கு ஒரு முறை பணம் கொடுக்கும் சங்கம் என்றால், பத்து நாளுக்கு ஒரு முறைதான் இந்த வரி வேலை செய்ய வேண்டும்.

அந்த வரியை ஒருவர் தவறி 'ஒவ்வொரு வேளையும்' என்பதன் கீழே எழுதிவிட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். என்ன ஆகும்? ஒவ்வொரு வேளையும் சிலேட்டு துடைக்கப்படும். மூன்று வேளை முடிந்த பிறகு மொத்தத்தில் 708 இருக்காது. கடைசி வேளையின் 260 மட்டும் இருக்கும். உழைத்த பணத்தில் 448 ரூபாய் காணாமல் போகும். யாரும் திருடவில்லை. ஒரு வரி இடம் மாறிவிட்டது!

வேறு விதமாகவும் பிழை வரும். அடுத்த பத்து நாள் தொடங்கும்போது பூஜ்யம் வைக்க மறந்தால் என்ன ஆகும்? பழைய மொத்தத்தின் மேலேயே புதிய கணக்கு ஏறும். கொடுத்த பணத்தையே சங்கம் மறுபடி கொடுக்கும். சங்கம் உறுப்பினர்களுடையது. அந்த நஷ்டம் எல்லோருக்கும்தான்.

வரிசை முக்கியம்

கணினி மேலிருந்து கீழாக வாசிக்கும். முன்னால் இருப்பதை முன்னால் செய்யும்.

தொகையைக் கணக்கிடும் வரிக்கு முன்பே மொத்தத்தைக் கூட்டும் வரியை எழுதினால் என்ன ஆகும்? முதல் வேளையில் 'தொகை' சிலேட்டில் ஒன்றும் இல்லை. பைத்தான் மொழி 'இப்படி ஒரு பெயரே தெரியாது' என்று சொல்லி நின்றுவிடும். அது நல்லதுதான். பிழை உடனே தெரிந்துவிடும்.

'நின்றுவிட்டதே' என்று ஒருவர் மேலே 'தொகை = 0' என்று சேர்க்கிறார். இப்போது நிரல் நிற்காமல் ஓடும். ஆனால் ஒவ்வொரு வேளையும் முந்தைய வேளையின் தொகையைத்தான் கூட்டும். மூன்று வேளைக்குப் பின் மொத்தம் 448. கடைசி வேளையின் 260 ரூபாய் சேரவில்லை. நின்று போன நிரலைவிட, ஓடிக்கொண்டே தப்பாகக் கணக்குப் போடும் நிரல் ஆபத்தானது.

இன்னொன்றும் உண்டு. விலையை 800இலிருந்து 820 ஆக உயர்த்துகிறார்கள். 'விலை' சிலேட்டில் 820 என்று எழுதியாயிற்று. முன்பு கணக்கிட்ட 240 ரூபாய் தானாக 246 ஆகுமா? ஆகாது. தொகையைக் கணக்கிட்டபோது விலை 800. அந்த விடையை எழுதியதோடு வேலை முடிந்தது. மறுபடி அந்த வரி வேலை செய்தால்தான் புதிய விலை வரும். மாறிகளுக்கு இடையே கயிறு எதுவும் கட்டியிருக்கவில்லை.

எண்ணா, எழுத்தா?

காலையில் 5 கிலோ, மாலையில் 4 கிலோ. கூட்டினால் 9. சிறு குழந்தையும் சொல்லும். ஆனால் புதிதாக நிரல் எழுதுபவரின் கணினி சில நேரம் 54 என்று சொல்லும்!

ஏன்? விசைப்பலகையில் தட்டுவதைப் பைத்தான் முதலில் எழுத்தாகத்தான் எடுத்துக் கொள்ளும். 'க' என்பதையும் 'ல்' என்பதையும் சேர்த்தால் 'கல்'. அதே போல 5 என்ற எழுத்தையும் 4 என்ற எழுத்தையும் சேர்த்தால் 54. 'இது எழுத்து அல்ல, எண்' என்று நிரல் எழுதுபவர்தான் சொல்ல வேண்டும். மாறிக்குப் பெயரும் மதிப்பும் மட்டும் அல்ல, வகையும் உண்டு.

கிலோவா, லிட்டரா?

இப்போது மூன்றாவது குணத்துக்கு வருவோம். பெயரின் பொருள் கணினிக்குத் தெரியாது.

'பால் = 5' என்றால் 5 என்ன? 5 கிலோவா? 5 லிட்டரா? இரண்டும் ஒன்று அல்ல. ஒரு லிட்டர் பாலின் எடை ஏறக்குறைய 1.03 கிலோ. 5 லிட்டர் பால் ஏறக்குறைய 5 கிலோ 150 கிராம் எடை இருக்கும்.

கருவி லிட்டரில் அளக்கிறது. நிரல் அதைக் கிலோ என்று எடுத்துக் கொள்கிறது. அப்போது ஒவ்வொரு வேளையும் 150 கிராம் பால் கணக்கில் வராது. 6 சதவீதக் கொழுப்பு, 800 ரூபாய் விலை என்றால் ஒரு வேளைக்கு 7 ரூபாய் 20 காசு நஷ்டம். சிறு தொகைதானே என்று தோன்றும். இரண்டு வேளையும் 5 லிட்டர் ஊற்றுபவருக்கு 30 நாளில் இது 432 ரூபாய் ஆகும். ஒரு கிராமத்தில் எத்தனை உறுப்பினர்! எத்தனை மாதம்!

பெரிய விஞ்ஞானிகளுக்கும் இந்தப் பிழை வந்தது. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1998 டிசம்பரில் செவ்வாய்க் கோளுக்கு ஒரு விண்கலம் அனுப்பியது. மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்பது அதன் பெயர். 1999 செப்டம்பர் 23 அன்று அது செவ்வாயை நெருங்கியபோது தொலைந்து போனது. ஒரு நிரல் உந்துவிசையைப் பவுண்டு அளவில் எழுதி வைத்தது. இன்னொரு நிரல் அதை நியூட்டன் என்ற அளவில் வாசித்தது. எண் கை மாறியது. அளவின் பெயர் கை மாறவில்லை.

ஆகவே நல்ல நிரல் எழுதுபவர் வெறும் 'பால்' என்று பெயர் வைக்க மாட்டார். 'பால்_கிலோ' என்று வைப்பார். வெறும் 'விலை' என்று வைக்க மாட்டார். 'கொழுப்பு_கிலோ_விலை' என்று வைப்பார். பெயர் நீளமாக இருக்கலாம். படிப்பவருக்குப் பொருள் தெரிய வேண்டும். அதுதான் முக்கியம்.

சீட்டைப் படியுங்கள்

சங்கத்தில் 200 உறுப்பினர்கள் இருந்தால் 200 மொத்தங்கள் வேண்டும். கணினி ஒரே பெயரோடு எண்ணைச் சேர்த்து அடையாளம் வைத்துக் கொள்ளும். மொத்தம் 1, மொத்தம் 2 என்று வரிசையாக இருக்கும். 27 என்று தட்ட வேண்டிய இடத்தில் 72 என்று தட்டினால் பணம் வேறு ஒருவர் சிலேட்டில் ஏறும். 'இந்த அம்மா 27 ஆயிற்றே' என்று கணினி சொல்லாது. அந்த அம்மாதான் சொல்ல வேண்டும். அதற்கு அவருக்குச் சீட்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எழுத்தும் எண்ணும் கற்ற ஒருவரால் இதைச் செய்ய முடியும். சீட்டு கையில் வந்ததும் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இந்த எண் எதைக் குறிக்கிறது? எந்த அளவில் இருக்கிறது? இது எப்போது எழுதப்பட்டது, பூஜ்யத்திலிருந்து தொடங்கியதா? நிரல் எழுதுபவர் தம் நிரலைச் சோதிக்கும்போது கேட்பதும் இதே மூன்று கேள்விகள்தான்.

இன்று வீட்டில் இதைச் செய்து பாருங்கள். நான்கு சிலேட்டு, அல்லது நான்கு காகிதத் துண்டு எடுங்கள். பால், கொழுப்பு, தொகை, மொத்தம் என்று பெயர் எழுதுங்கள். நிரலின் ஒவ்வொரு வரியையும் ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். இன்னொருவர் அழித்து அழித்து எழுதட்டும். மூன்று வேளை முடிந்ததும் மொத்தத்தில் 708 வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் எந்த வரியில் பிழை என்று தேடுங்கள். தேடிக் கண்டுபிடித்தால் நிரல் எழுதக் கற்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள்.